பிரிட்டனிலிருந்து மெல்பர்னுக்குக் குடிபெயர்வு: 1973 எம்ஜிபி காரைக் கொண்டுபோவதா, விற்றுவிடுவதா?

#1 · தேம்ஸ்கரை

வணக்கம். நானும் மனைவியும் ரெடிங்கிலிருந்து மெல்பர்னுக்குப் போகிறோம். விசா 189 (திறன் அடிப்படையிலான நிரந்தர வதிவிட விசா), மனைவிதான் முதன்மை விண்ணப்பதாரர். கைக்கு வந்துவிட்டது. பிப்ரவரி முடிவதற்குள் முதல் நுழைவு நடக்க வேண்டும்.

கார் விவரம்: 1973 எம்ஜிபி ரோட்ஸ்டர் (எம்ஜி நிறுவனத்தின் மென்கூரை ஸ்போர்ட்ஸ் கார்), குரோம் பம்பர், 1798 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், ஓவர்டிரைவ். ஏசி இல்லை. வி5சி (பிரிட்டன் வாகனப் பதிவுப் பத்திரம்) நான்கு ஆண்டுகளாக என் பெயரில். இரண்டு பக்கச் சில்லும் (கதவுக்குக் கீழே ஓடும் தகரச் சட்டம்) மாற்றியதற்கு ரசீது இருக்கிறது. பிரேக், கிளட்ச், ஹெட் கேஸ்கட் எப்போது மாற்றப்பட்டன என்பதற்கு எந்தத் தாளும் இல்லை.

கேள்விகள்:

1. வீட்டுச் சாமான் போகும் 40 அடி கன்டெய்னரிலேயே காரையும் ஏற்றலாம், அதுதான் மலிவு என்கிறார்கள். சரியா?
2. வரி எவ்வளவு வரும்?
3. ஆஸ்பெஸ்டாஸ் சோதனை என்று பயமுறுத்துகிறார்கள். இந்தக் காருக்கு அது எவ்வளவு பெரிய வேலை?
4. பேசாமல் இங்கே விற்றுவிட்டு அங்கே ஒன்று வாங்கிக்கொள்ளலாமா?

#2 · யாராக்கரை

வணக்கம் தம்பி. முதல்ல அனுமதியைப் பாருங்கோ, மற்றதெல்லாம் அதுக்குப் பிறகு.

ஆஸ்திரேலியாவுக்குள்ள எந்த வாகனத்தைக் கொண்டுவாறதெண்டாலும் இறக்குமதி அனுமதி வேணும். 2021 ஜூலை 1 தொடக்கம் ரோவர் எண்ட அரச இணையத்தளத்தில விண்ணப்பிக்கிற முறை. உங்கட காருக்கு ஏற்ற வழி பழைய வாகன வழி: தயாரிச்சு 25 வருசம் கடந்திருக்க வேணும். முந்தி 1989க்கு முன்னம் செய்த கார் எண்டு நிலையான கோடு இருந்தது, இப்ப அது மாதாமாதம் நகருது. இந்த வழியில நீங்கள் 12 மாதம் வைச்சிருந்தீங்களோ எண்டு கேக்கமாட்டினம். புதுக்காருக்கான தனிப்பட்ட இறக்குமதி வழியிலதான் வெளிநாட்டில தொடர்ந்து 12 மாதம் உங்கட உரிமையில இருந்த ஆதாரம், குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடம், கடைசி 5 வருசத்தில வேற கார் இப்படிக் கொண்டுவரவில்லை எண்டதெல்லாம் வரும்.

தயாரிப்புத் தேதிக்கு வி5சி போதாது. அதில இருக்கிறது முதல் பதிவுத் தேதி. கேடனில இருக்கிற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் பழைய எம்ஜி தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து ஹெரிடேஜ் சான்றிதழ் குடுக்குது. சேசிஸ் இலக்கத்தைக் குடுத்தால் கட்டின தேதி, முதல் நிறம், எஞ்சின் இலக்கம் எல்லாம் வரும். அதை எடுத்து, சேசிஸ் தகட்டின்ர தெளிவான படத்தோட சேர்த்துப் போடுங்கோ.

அனுமதி கையில வராமல் காரைக் கப்பலில ஏத்தவே கூடாது. அனுமதி இல்லாமல் வந்து இறங்கின காரைத் திருப்பி அனுப்பச் சொல்லலாம், அழிக்கவும் சொல்லலாம். செலவு உங்கட தலையில.

வரி: 30 வருசம் கடந்த காருக்குச் சுங்கத்தீர்வை இல்லை. அதுக்குக் குறைஞ்ச வயசுக்கு 5 சதவீதம். ஜிஎஸ்டி 10 சதவீதம் கட்டாயம், குடிபெயர்றவைக்கும் விலக்கு இல்லை. கணக்கு எப்படியெண்டால், காரின்ர சுங்க மதிப்பு 18,000 ஆஸ்திரேலிய டொலர், கப்பல் கூலியும் காப்புறுதியும் 4,500 எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. கூட்டினால் 22,500. ஜிஎஸ்டி 2,250. கப்பல் கூலிக்கும் சேர்த்துத்தான் வரி எண்டதைப் பலபேர் கணக்கில எடுக்கிறதில்லை. ஆடம்பரக் கார் வரியின்ர எல்லை 80,000 டொலருக்கும் மேல, அது உங்களுக்கு இல்லை. மதிப்புக்கு வாங்கின ரசீதும் பிறகு செய்த வேலைகளின்ர ரசீதும் வேணும். அது இல்லாட்டி மதிப்பீட்டாளர் அறிக்கை எடுங்கோ. குறைச்சுக் காட்டாதேங்கோ. கடலில ஏதும் நடந்தால் காப்புறுதியும் அந்தக் குறைஞ்ச மதிப்பைத்தான் தூக்கிக் காட்டும்.

இன்னொண்டு, எங்கட ஆக்களுக்கே வாற பிரச்சினை. கடவுச்சீட்டில தகப்பன் பெயர் குடும்பப்பெயரா இருக்கும், வி5சியில முதலெழுத்து மட்டும் இருக்கும், கப்பல் பத்திரத்தில ரெண்டும் மாறி விழுந்திருக்கும். ரோவர் அனுமதி, வி5சி, வாங்கின ரசீது, கப்பல் பத்திரத்தில பெறுநர், எல்லாத்திலயும் ஒரே ஆள், ஒரே எழுத்துக்கூட்டல் இருக்க வேணும். விசா மனைவியின்ர பெயரில முதன்மை எண்டதுக்காகக் காரை அவவின்ர பெயருக்கு மாத்தத் தேவையில்லை. உங்கட பெயரிலயே இருக்கட்டும், ஆனால் வி5சியில கடவுச்சீட்டில உள்ளபடி இப்பவே திருத்திவிடுங்கோ.

#3 · கப்பல்கணக்கு

முதல் கேள்விக்கு மட்டும் பதில். சேர்த்து ஏற்றாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

வீட்டுச் சாமான் துணையில்லாமல் வரும் சொந்தப் பொருள் என்ற சலுகையில் போகும். பி534 படிவம், 12 மாதம் உபயோகித்த பொருளுக்கு வரி இல்லை. அந்தச் சலுகையில் மோட்டார் வாகனமும் சேராது, வாகன உதிரிபாகமும் சேராது. காருக்கு முழு இறக்குமதி அறிவிப்பு தனியாகப் போட வேண்டும். ஆக, ஒரே பெட்டிக்குள் இரண்டு விதமான சரக்கு. காரில் ஆஸ்பெஸ்டாஸ் சந்தேகம் வந்தாலோ, சக்கர வளைவில் ஒரு கைப்பிடி மண் கிடைத்தாலோ கன்டெய்னர் நிற்கும். உள்ளே உங்கள் கட்டில், சமையல் பாத்திரம், மிக்ஸி, குளிர்காலத் துணி எல்லாம் அதோடு நிற்கும். துறைமுகத்தில் இலவச நாட்கள் சில மட்டுமே. அதற்குப் பிறகு நாள் வாடகை. கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானால் கப்பல் கம்பெனிக்குத் தனி வாடகை. மலிவு என்று சொன்ன வித்தியாசம் ஒரே வாரத்தில் கரைந்துவிடும்.

வீட்டுச் சாமான் உங்களோடு ஜனவரியில் போகட்டும். கார் தனியாக, தன் நேரத்துக்குப் போகட்டும்.

விலைப்புள்ளி வாங்கும்போது மொத்தத் தொகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்தச் செலவு இனங்கள் எல்லாம் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்: துறைமுகம் வரை லாரி, பிரிட்டன் ஏற்றுமதி அறிவிப்பு, ஏற்றிக் கட்டும் கூலி, கடல் கூலி, எரிபொருள் கூடுதல். மெல்பர்ன் பக்கம்: துறைமுகக் கையாளல், டெலிவரி ஆர்டர், கிடங்குக்கு லாரி, பெட்டி பிரித்தல், உயிர்ப்பாதுகாப்புப் பரிசோதனை (மண், விதை, பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது), சுங்கத் தரகர் கட்டணம், காலிப் பெட்டி திருப்புதல். குறைவான விலைப்புள்ளியில் பெரும்பாலும் மெல்பர்ன் பக்கம் மொத்தமாகவே விட்டுப்போயிருக்கும். கார் அங்கே இறங்கிய பிறகு பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது.

#4 · ஸ்பேனர்செட்

ஆஸ்பெஸ்டாஸ். இந்த இழையில் மிக முக்கியமான விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் 2003 டிசம்பர் 31 முதல் எந்த வகை ஆஸ்பெஸ்டாசும் இறக்குமதி செய்யத் தடை. அளவு வரம்பு கிடையாது, துளியும் கூடாது. சில நாடுகளில் மிகச் சிறிய சதவீதம் இருந்தாலும் 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று அச்சிட அனுமதி உண்டு. ஆகவே பெட்டியில் அப்படி எழுதியிருப்பதை மட்டும் அங்கே ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிரிட்டனில் முழுத் தடை 1999ல்தான் வந்தது. அதற்கு முன் மாட்டிய எதுவும், பழைய ஸ்டாக்கிலிருந்து பிறகு மாட்டிய எதுவும், சந்தேகத்துக்குரியதே.

எம்ஜிபியில் பார்க்க வேண்டிய இடங்கள்:

முன் டிஸ்க் பேட், பின் டிரம் ஷூ. இவை சுலபம், புதிதாக மாற்றி ரசீது வைத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய ஷூவின் தூள் டிரம்முக்குள் இருந்தால் சோதனையில் அதுவும் பிடிபடும். காற்றடித்து ஊதக்கூடாது, அது நுரையீரலுக்குள்தான் போகும். ஈரத்துணி, பிரேக் கிளீனர், பிறகு அந்தத் துணியை இரட்டைப் பையில் கட்டி அபாயக் கழிவாகக் கொடுக்க வேண்டும்.

கார்புரேட்டருக்குப் பின்னால் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு. தொழிற்சாலையில் மாட்டிய தகட்டின் ஒரு பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் அட்டை ஒட்டியிருக்கும். எம்ஜிபியில் பலர் தவறவிடுவது இதைத்தான். சுரண்டி எடுக்க முயலாமல் தகட்டையே கழற்றிவிட்டுப் புதுத் தகடு போடுங்கள்.

இன்லெட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கான பொதுக் கேஸ்கட், மேனிஃபோல்டும் டவுன்பைப்பும் சேரும் இடத்து வளையம், கார்புரேட்டர் அடிக் கேஸ்கட்டுகள், தெர்மோஸ்டாட் மூடி, வாட்டர் பம்ப்.

ஹெட் கேஸ்கட். பழைய செம்பு வகை என்றால் நடுவில் ஆஸ்பெஸ்டாஸ்தான்.

கிளட்ச் தட்டு. இங்கேதான் செலவு. எம்ஜிபியில் கிளட்சைத் தொட எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும், வேறு வழி இல்லை.

பிறகு தரை மேல் ஒட்டிய தார் அட்டைகள், எஞ்சின் தடுப்புச் சுவரின் உள்பக்கத் திண்டு, அடிப்பூச்சு. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூடிக் கேஸ்கட்டுகள் பெரும்பாலும் காகிதம்தான் என்றாலும் மாதிரி எடுக்காமல் 'இல்லை' என்று எழுத முடியாது.

#5 · தேம்ஸ்கரை

நன்றி. வெப்பத் தடுப்புத் தகடு பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு துணைக் கேள்விகள். பிரிட்டனிலேயே செய்யும் ஆய்வக அறிக்கையை ஏற்பார்களா? கிளட்ச், ஹெட் கேஸ்கட் இரண்டுக்கும் எஞ்சினைப் பிரிக்காமல் தப்ப முடியுமா?

#6 · ஸ்பேனர்செட்

தப்ப முடியாது. ரசீதே இல்லாத நிலையில் இருப்பது இரண்டே வழிகள்: பிரித்து மாதிரி எடுப்பது, அல்லது பிரித்து மாற்றுவது. பிரித்த பிறகு மாதிரி மட்டும் எடுத்து மூடுவதில் பொருளில்லை, மாற்றிவிடுங்கள். எஞ்சின் வெளியே இருக்கும்போது கிளட்ச் செட் முழுவதும், ஹெட் கேஸ்கட், டைமிங் மூடி, பக்கவாட்டு டேப்பெட் மூடிகள், சம்ப், வாட்டர் பம்ப், எல்லாக் கேஸ்கட்டும் ஒரே மூச்சில் முடியும். கிளட்ச் ஹவுசிங்குக்குள் இருக்கும் பழைய தூளையும் ஈரமாகவே துடைத்து எடுங்கள்.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எண். அந்த எண் எழுதிய அட்டையோடு கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம், புதியது மாட்டிய பின் ஒரு படம். குறைந்தது ஒரு படத்திலாவது சேசிஸ் தகடு தெரிய வேண்டும். ரசீதில் பாக எண், தேதி, காரின் சேசிஸ் எண் மூன்றும் இருக்கட்டும். 'பிரேக் வேலை செய்யப்பட்டது' என்ற ஒற்றை வரி ரசீது அங்கே செல்லாது.

மாற்ற முடியாதவற்றுக்கு, அதாவது தார் அட்டை, அடிப்பூச்சு, திண்டு போன்றவற்றுக்கு, ஆய்வகச் சோதனை. மாதிரியை நீங்களே வெட்டி எடுக்காதீர்கள். பயிற்சி பெற்ற ஆஸ்பெஸ்டாஸ் சர்வேயரை வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

#7 · யாராக்கரை

ஆய்வகம் பற்றி: ஆஸ்திரேலியாவில நாட்டா (ஆய்வகங்களைத் தரம் பார்த்து அங்கீகரிக்கிற அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகம் எண்டு கேப்பினம். வெளிநாட்டு ஆய்வகமெண்டால் நாட்டாவோட பரஸ்பர அங்கீகார உடன்பாடு இருக்கிற அமைப்பின்ர அங்கீகாரம் வேணும். பிரிட்டனில யூகாஸ் அப்படியான அமைப்புத்தான். ஆய்வகம் யூகாஸ் அங்கீகாரம் உள்ளதோ எண்டு மட்டும் பார்த்தால் போதாது, அந்த அங்கீகாரம் ஆஸ்பெஸ்டாஸ் சோதனைக்கு உரியதோ எண்டும் பாருங்கோ. அறிக்கையில ஒவ்வொரு மாதிரியும் எந்தப் பாகத்தில இருந்து, எந்தக் காரில இருந்து எண்டு வரவேணும். பெயரில்லாத பை எண்டால் பிரயோசனமில்லை.

இறக்குமதி அறிவிப்பில தரகர் ஆஸ்பெஸ்டாஸ் கேள்விக்குப் பதில் போட வேணும். தாள்கள் முழுசாக இல்லாட்டி அவரால 'இல்லை' எண்டு போட ஏலாது. அப்ப எல்லைப்படை காரை நிறுத்திவைச்சுச் சோதனை கேக்கும். அந்தச் சோதனையும் கிடங்கு வாடகையும் உங்கட செலவு. அதில பாகம் பிடிபட்டால் கழற்றி அழிக்கிற செலவும், அதுக்கு மேல தண்டமும் வரலாம்.

இதாலதான் நான் எப்பவும் சொல்லுறது: தாள்களை ஏத்தும் முன்னமே மெல்பர்ன் தரகருக்கு மின்னஞ்சலில அனுப்பி, அவர் 'இது காணும்' எண்டு எழுத்தில சொன்ன பிறகு கப்பலுக்குப் பதிவு செய்யுங்கோ. குறை இருந்தால் பிரிட்டனில திருத்துறது லேசு.

#8 · அபிங்டன்கொட்டகை

நான்காவது கேள்வியை யாரும் தொடவில்லை. கேட்டால் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன்: விற்றுவிடுங்கள்.

எம்ஜிபி ஆஸ்திரேலியாவுக்கு அரிய கார் இல்லை. 1963 முதல் 1972 வரை சிட்னியில், இங்கிலாந்தின் அபிங்டனில் இருந்த எம்ஜி தொழிற்சாலையிலிருந்து பிரித்து அனுப்பிய பாகங்களைக் கொண்டு சுமார் 9,000 கார்கள் கோர்க்கப்பட்டன. அவற்றின் தகரம் சாலை உப்பைப் பார்க்காதது. பிரிட்டனில் 50 குளிர்காலம் கண்ட கார் எவ்வளவு நன்றாகப் பராமரிக்கப்பட்டிருந்தாலும் சில்லுக்குள் என்ன இருக்கிறது என்பது வெட்டினால்தான் தெரியும். அங்கே சாலைத்தகுதிச் சான்றுக்குப் போனால் அடித்தளத் துரு நேரடியாக நிராகரிப்பு.

எஞ்சின் இறக்கும் செலவு, ஆய்வகச் செலவு, கப்பல், தரகர், ஜிஎஸ்டி, அங்கே பதிவு, எல்லாம் கூட்டுங்கள். அந்தத் தொகையைக் காரின் இங்குள்ள விலையோடு சேர்த்தால் மெல்பர்னில் நல்ல எம்ஜிபி ஒன்று வந்துவிடும். வலது கை ஸ்டீயரிங், அதே எஞ்சின், அதே பாகங்கள்.

#9 · தெற்குச்சிலுவை

ஒப்பீட்டுக்காக நியூசிலாந்து. அங்கே ஜிஎஸ்டி 15 சதவீதம் என்றாலும் குடியேறுவோருக்கு விலக்கு உண்டு. புறப்படும் முன் குறைந்தது ஓராண்டு காரைச் சொந்தமாக வைத்து உபயோகித்திருக்க வேண்டும். வந்துசேரும் முன் 21 மாதம் முழுவதும் நியூசிலாந்துக்கு வெளியே வசித்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் விற்கமாட்டேன் என்று பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், மீறினால் வரியைக் கட்ட வேண்டும். பரிசோதனை அங்கேயும் கடுமைதான். துருவோ பழைய வெல்டிங்கோ தெரிந்தால் ரிப்பேர் சான்றாளரிடம் அனுப்பிவிடுவார்கள். அந்த விலக்கை மனதில் வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள், அதற்காகத்தான் எழுதினேன்.

#10 · ஸ்பேனர்செட்

அபிங்டன்கொட்டகை சொல்வதில் பாதியை ஏற்கிறேன். கணக்கு மட்டும் பார்த்தால் விற்பதுதான் சரி. ஆனால் தெரியாத காரை வாங்கி, அதன் பழைய உரிமையாளர் மறைத்த வேலையைக் கண்டுபிடித்துச் செய்வதற்கும் ஒரு விலை இருக்கிறது. தெரிந்த கார் என்பதற்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். அது உண்மையிலேயே தெரிந்த கார்தானா என்பதுதான் கேள்வி.

தேம்ஸ்கரை, ஆய்வகத்துக்கும் எஞ்சின் வேலைக்கும் ஒரு பவுண்டு கூடச் செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள். கதவை மூடி, கதவின் பின் ஓர இடைவெளியை மேலேயும் கீழேயும் அளந்து எழுதுங்கள். ஒரு பக்க ஜாக்கிங் புள்ளியில் ஜாக் வைத்து அந்தப் பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும் வரை தூக்குங்கள். கதவு இடைவெளி மாறினாலோ, கதவு திறக்க இறுகினாலோ உள்சில் போய்விட்டது.

அடுத்து அந்தச் சில் ரசீது. எம்ஜிபி சில் என்பது வெளித்தகரம் மட்டுமில்லை. வெளிச்சில், உள்சில், நடுவே செங்குத்துத் தடுப்பு, அடியில் காஸில் ரெயில் என்று சேர்ந்த பெட்டி அது. வெளிச்சில்லின் முன்நுனி முன்பக்க விங்குக்குப் பின்னால் வரை ஓடுகிறது. ஆகவே முறையாக மாற்றினால் விங்கைக் கழற்றியிருக்க வேண்டும், அல்லது அதன் அடிப்பகுதியை வெட்டியிருக்க வேண்டும். ரசீதில் காஸில் ரெயில் பெயரே இல்லாமல், விங் வேலையும் இல்லாமல், 'சில் மாற்றம் 2' என்று மட்டும் இருந்தால் பழைய துருவின் மேல் புதுத் தகரம் போர்த்தியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடவே, இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பேட்டரிப் பெட்டிகள், பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன்பக்கத் தாங்கி, விண்ட்ஸ்கிரீன் தூணின் அடி. இவை மூன்றும் திடமாக இருந்து, சில்லும் தேறினால் கொண்டுபோங்கள். தேறாவிட்டால் விற்றுவிடுங்கள், நான் அபிங்டன்கொட்டகை பக்கம்.

#11 · தேம்ஸ்கரை

ஜாக் வைத்துப் பார்த்தேன். இடைவெளி இரண்டு பக்கமும் மாறவில்லை. ரசீதில் காஸில் ரெயில் நான்கு துண்டு, முன் விங் அடிப்பகுதி இரண்டு என்று தனித்தனியாகவே எழுதியிருக்கிறது. பேட்டரிப் பெட்டி ஒன்றில் மேலோட்டத் துரு, ஓட்டை இல்லை.

ஆகவே கொண்டுபோகும் பக்கம் சாய்கிறோம். ரோரோவா (காரை ஓட்டியே கப்பலில் ஏற்றுவது), தனிக் கன்டெய்னரா? எப்போது ஏற்றுவது? சுத்தம் எந்த அளவுக்கு?

#12 · கப்பல்கணக்கு

காலம் முதலில். ஆஸ்திரேலிய உயிர்ப்பாதுகாப்பு விதிகளில் நாற்றப்பூச்சிப் பருவம் என்று ஒன்று உண்டு. செப்டம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கப்பலேறும் சரக்குக்குத்தான் அந்த விதிகள். ஐரோப்பாவில் குளிர்காலம் வந்ததும் இந்தப் பூச்சி காரின் இடுக்குகளில் கூட்டமாக ஒதுங்கும், அதனால் வாகனங்கள் அதிக ஆபத்துப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் உள்ள நாட்டுச் சரக்கு என்றால் வெப்பமோ புகையோ கட்டாயம். வெப்பமென்றால் 56 டிகிரியில் 30 நிமிடம், 50 வயது வினைல் டாஷ்போர்டுக்கு அது நல்லதல்ல. நாட்டுப் பட்டியல் ஒவ்வொரு பருவமும் திருத்தப்படுகிறது. அதைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட மே முதல் ஆகஸ்டுக்குள் ஏற்றிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. நீங்கள் ஜனவரியில் போய், வீடு பிடித்து, கராஜ் சாவி கைக்கு வந்த பிறகு மே மாதம் கார் ஏறுவது எல்லா வகையிலும் பொருந்துகிறது.

ரோரோ மலிவாக இருக்கலாம். ஆனால் சாவி கொடுத்து ஓட்டவிட வேண்டும், யார் யாரோ கிளட்சை மிதிப்பார்கள், உள்ளே ஒரு ஸ்பேனர் கூட வைக்க விடமாட்டார்கள். மென்கூரைக் காருக்கு 20 அடித் தனிப்பெட்டிதான் என் தேர்வு. உள்நீளம் 5.9 மீட்டர், கார் 3.89 மீட்டர். 40 அடியில் மூன்று கார் சேர்த்து அனுப்பும் ஏற்பாடு விலையில் நடுவில் நிற்கும். ஆனால் பக்கத்துக் காரில் மண்ணோ பூச்சியோ இருந்தால் பெட்டி முழுவதும் காத்திருக்கும்.

காப்புறுதி 'ஆல் ரிஸ்க்' எடுங்கள். 'முழு இழப்பு மட்டும்' என்ற மலிவுப் பாலிசியில் கீறல், நசுங்கல் எதற்கும் பணம் வராது. பொதுச் சராசரி உள்ளடக்கமா என்று கேளுங்கள். கப்பலைக் காப்பாற்ற ஆன செலவைச் சரக்கு வைத்திருக்கும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் பழைய கடல் வழக்கம் அது. 2021ல் சூயஸில் சிக்கிய எவர் கிவன் கப்பலில் அதை அறிவித்தார்கள். உங்கள் காருக்குச் சிறு கீறல் இல்லாவிட்டாலும் உத்தரவாதம் கொடுக்காமல் சரக்கை விடமாட்டார்கள். பாலிசி இருந்தால் அந்த உத்தரவாதத்தை அவர்கள் கொடுப்பார்கள்.

சுத்தம் பற்றி ஸ்பேனர்செட் சொல்லட்டும்.

#13 · ஸ்பேனர்செட்

சுத்தம் என்றால் மெழுகு பூசிப் பளபளக்க வைப்பது இல்லை. மண், விதை, இலை, பூச்சி, சிலந்திவலை எதுவும் இருக்கக்கூடாது. நான்கு சக்கரத்தையும் கழற்றி, சக்கர வளைவின் உள்மடிப்பு, லீஃப் ஸ்பிரிங் தகடுகளுக்கு இடை, பம்பரின் பின்பக்கம், ரேடியேட்டர் துடுப்புகள், ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம் எல்லாம் நீராவியால் அடிக்க வேண்டும். கார்பெட்டைத் தூக்குங்கள். ஏர் ஃபில்டர் டப்பாக்களைத் திறந்து பாருங்கள், செத்த பூச்சி அங்கேதான் இருக்கும்.

எம்ஜிபிக்கே உரிய இடம் ஒன்று: விண்ட்ஸ்கிரீனுக்கு முன்னால் இருக்கும் காற்றுச் சல்லடைக்குக் கீழே உள்ள அறை. பல ஆண்டு இலை அங்கே மக்கிக் கிடக்கும். அதன் வடிகால் ரப்பர்க் குழாய் கியர்பாக்ஸ் சுரங்கத்துக்குள் இறங்குகிறது. அதைக் கீழிருந்து பிடித்து அழுத்தி, மேலிருந்து நீர் விட்டு, தெளிந்த நீர் வரும் வரை கழுவுங்கள்.

நீராவி அடித்த அன்றே பெட்டியில் ஏற்றாதீர்கள். சில்லுக்குள் நின்ற நீர் பல வாரம் மூடிய இரும்புப் பெட்டிக்குள் ஆவியாகி, துருவும் பூசணமும் பிடிக்கும். குறைந்தது ஒரு வாரம் முன்பே கழுவி, வடிகால் துளைகளைத் திறந்து, கூரையுள்ள இடத்தில் உலர விடுங்கள். புதிதாக அடிப்பூச்சு அடிக்க வேண்டாம். கீழே மண்ணை மறைத்ததாகப் பரிசோதகர் சந்தேகப்படுவார்.

ஜனவரியிலிருந்து மே வரை கார் சும்மா நிற்கப்போகிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பருக்குப் பிறகு சாதாரணப் பெட்ரோல் இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது). பழைய ரப்பர்க் குழாய்க்கும் எஸ்யூ கார்புரேட்டரின் மிதவை ஊசிக்கும் அது ஆகாது. இ5 சூப்பர் ஊற்றி, ஸ்டெபிலைசர் சேர்த்து, கொஞ்ச நேரம் ஓட்டிய பிறகு நிறுத்துங்கள். ஏற்றும் நாளில் டேங்கில் கால்வாசிக்குக் கீழே இருக்க வேண்டும். 5, 6 லிட்டர் தாராளம்.

1973 காரில் பேட்டரி இரண்டு, ஒவ்வொன்றும் 6 வோல்ட். இரண்டின் இணைப்பையும் கழற்றி முனைகளை உறையிட்டு மூட வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றியிருந்தால், சோதனைக்கு வந்தவர் படம் எடுத்துத் திருப்பி அனுப்புவது நடக்கும் விஷயம். ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை அறையச் சொல்லுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டே வந்தால் ஷூ டிரம்மோடு ஒட்டிவிடும். கட்டும் பட்டை டயரைச் சுற்றிப் போகட்டும். ஆக்சிலிலோ ஸ்டீயரிங் ராடிலோ கொக்கி மாட்டவிடாதீர்கள், அலையில் வாரக்கணக்கில் இழுபடும்.

பெட்டிக்குள் ஓட்டிப் போனதும் கதவைத் திறக்கப் பக்கத்துக்கு 40 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். கூரையை மடித்து வைத்து ஏற்றிவிட்டு வெளியே வந்ததும், பெட்டியை மூடும் முன் கூரையை மறுபடி ஏற்றிப் பூட்டுங்கள். பின் பிளாஸ்டிக் ஜன்னல் மடிந்த நிலையில் இத்தனை வாரம் கிடந்தால் அந்தக் கோடு போகவே போகாது.

உதிரிபாகப் பெட்டி வைக்கிறீர்கள் என்றால் பட்டியலிட்டு ரசீதோடு வையுங்கள். பழைய கேஸ்கட் செட், உபயோகித்த பிரேக் ஷூ, 'இருக்கட்டுமே' என்று வைத்திருக்கும் பழைய கிளட்ச் தட்டு, எதுவும் வேண்டாம். கார் முழுவதும் சுத்தமாக இருந்து டிக்கியில் கிடந்த ஒரு பழைய கேஸ்கட்டால் மாட்டிக்கொள்வது வீண்.

#14 · யாராக்கரை

தாள் வேலை, ரெண்டு பக்கமும்.

பிரிட்டன்: 12 மாதத்துக்கு மேல வெளிய போறதெண்டால் நிரந்தர ஏற்றுமதி. வி5சியில வி5சி/4 பகுதியை நிரப்பி டிவிஎல்ஏக்கு (பிரிட்டன் வாகனப் பதிவுத் திணைக்களம்) அனுப்புங்கோ, மிச்சப் பத்திரத்தைக் கட்டாயம் உங்களோட வைச்சிருங்கோ. மெல்பர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில பதியேக்க அதைக் கேப்பினம். கார் நிக்கிற அந்த நாலு மாதம் சாலையில ஓடாது எண்டால் சோர்ன் அறிவிப்புப் போடுங்கோ, கடிதம் வாற விலாசம் ஒண்டு பிரிட்டனில இருக்கவேணும். 40 வருசம் கடந்ததால சாலை வரி எப்படியும் பூச்சியம்தான்.

விக்டோரியா: உங்கட மாதிரி வார இறுதிக் காருக்குக் கிளப் பெர்மிட் (முழுப்பதிவு இல்லாமல் குறிச்ச நாளுக்கு மட்டும் ஓட விடுற அனுமதி) நல்லது. 25 வருசம் கடந்த கார், அங்கீகரிச்ச கிளப்பில உறுப்புரிமை, சாலைத்தகுதிச் சான்று, இறக்குமதி அனுமதி. வருசத்துக்கு 45 நாள் அல்லது 90 நாள் எண்டு ரெண்டு வகை. காரை எடுக்கிற ஒவ்வொரு நாளும் ஓட முன்னம் குறிப்பேட்டில எழுத வேணும். எழுதாமல் போய்ப் பிடிபட்டால் பதிவில்லாத கார் எண்ட கணக்கு. ரெண்டு பேரும் ஓட்டுவியள் எண்டால் குறிப்பேடு காருக்குள்ளயே இருக்கட்டும். முழுப்பதிவு வேணுமெண்டால் விஏஎஸ்எஸ் பொறியாளரோட (காரைப் பார்த்துத் தரச் சான்று குடுக்க அங்கீகரிச்சவர்) முதலே கதையுங்கோ.

பிரிட்டன் ஓட்டுநர் உரிமத்தை நிரந்தர வதிவிடக்காரர் 6 மாதத்துக்குள்ள மாத்த வேணும், பரீட்சை இல்லை. கார் வாறதுக்கு முன்னமே ரெண்டு பேரும் மாத்திப்போடுங்கோ.

#15 · தேம்ஸ்கரை

மனைவியோடு உட்கார்ந்து வரிசைப்படுத்தினோம். இப்போதே: வி5சி பெயர்த் திருத்தம், ஹெரிடேஜ் சான்றிதழ், ரோவர் விண்ணப்பம். நவம்பருக்குள்: எஞ்சின் வெளியே, கிளட்ச், எல்லாக் கேஸ்கட்டும், பிரேக், வெப்பத் தடுப்புத் தகடு, மாதிரிகள் ஆய்வகத்துக்கு. டிசம்பர்: தாள்கள் மெல்பர்ன் தரகருக்கு. ஜனவரி: நாங்களும் வீட்டுச் சாமானும். ஏப்ரல் கடைசி: நீராவிச் சுத்தம். மே: 20 அடிப் பெட்டி.

ஒரே ஒரு சந்தேகம். மே மாதம் நாங்கள் இருவருமே அங்கே இருப்போம். ஏற்றும் நாளில் இங்கே யார் நிற்பது?

#16 · கப்பல்கணக்கு

எஞ்சின் வேலை செய்த கராஜிடமே சுத்தத்தையும் ஏற்றுவதையும் ஒப்படையுங்கள். காரைத் தெரிந்தவர்கள், இரண்டு பேட்டரி இருப்பதும் தெரியும். உங்கள் கையெழுத்தோடு ஒரு அதிகாரக் கடிதம், கடவுச்சீட்டு நகல், வி5சி நகல் அவர்களிடம் இருக்கட்டும். மூலப் பத்திரத்தை நீங்கள் எடுத்துப் போங்கள்.

பெட்டி மூடும் முன் அவர்கள் எடுக்க வேண்டிய படங்கள்: நான்கு மூலை, மைல்மீட்டர், இரண்டு பேட்டரி முனைகள், நான்கு சக்கரக் கட்டு, ஏற்றிய கூரை, கடைசியாக மூடிய கதவில் முத்திரை எண். அந்த முத்திரை எண்ணைக் கப்பல் பத்திரத்தில் இருக்கும் எண்ணோடு அன்றைக்கே ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் கப்பல் புறப்படும் முன் திருத்துவது ஒரு மின்னஞ்சலில் முடியும்.